விண்டோஸுக்காக விஎல்சியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தல்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

விஎல்சி பிளேயரின் மூலநிரலை எடுத்து, விண்டோஸில் ஓடக்கூடிய கோப்பாக மாற்ற முயல்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸ் கணினியில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். டெபியன் போன்ற ஒரு லினக்ஸில் மிங்டபிள்யூ-டபிள்யூ64 கருவித்தொகுப்பை நிறுவி, அங்கிருந்தபடியே விண்டோஸுக்கான நிரலை உருவாக்கும் குறுக்குக் கம்பைல் முறையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸிலேயே எம்சிஸ்2 என்ற கருவித்தொகுப்பு வழியாகச் செய்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலரைக் கொண்டு 3.0 வரிசையைக் கட்ட முயல வேண்டாம். அந்த மூலநிரல் அதற்காக எழுதப்பட்டதன்று.

இந்த வேலை நான்கு படிகளாக நடக்கிறது. முதலில் ஆட்டோகான்ஃப், நாஸ்ம், புரோட்டாக் போன்ற கட்டுமானக் கருவிகள், நிரலைக் கட்டும் கணினியில் ஓடும் வடிவில் தயாராகின்றன. அடுத்து ‘கான்ட்ரிப்’ அடைவில் எஃப்எஃப்எம்பெக் (ஒலி, ஒளியை டீகோட் செய்வது), க்யூடி (முகப்பை உருவாக்குவது) உள்ளிட்ட வெளி லைப்ரரிகள் விண்டோஸுக்காகக் கட்டப்படுகின்றன. மூன்றாவதாக விஎல்சியின் சொந்த நிரலும் அதன் செருகுநிரல்களும் கம்பைல் ஆகின்றன. இறுதியில் எல்லாம் ஒரே அடைவில் திரட்டப்பட்டு ஜிப் கோப்பாகவோ நிறுவியாகவோ பொதியப்படுகின்றன. ‘எக்ஸ்ட்ராஸ்’ அடைவுக்குள் ‘பேக்கேஜ்’, அதற்குள் ‘வின்32’ என்ற இடத்தில் இருக்கும் ‘பில்ட்’ ஸ்கிரிப்ட் இந்த நான்கையும் ஒரே ஓட்டத்தில் செய்து முடிப்பதால், எந்தப் படியில் வேலை நின்றது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. படியைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்தமாதிரிதான்.

திரையில் கடைசியாகத் தெரியும் வரி பிழையின் விளைவே தவிரக் காரணமன்று. எட்டு வேலைகள் இணையாக ஓடும்போது ஒன்று தவறிய பின்னும் மற்ற ஏழும் தங்கள் செய்திகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். எனவே முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிழை வந்ததும் இணை வேலைகளின் எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்து, ‘வி=1’ என்ற விரிவான வெளியீட்டு அமைப்புடன் கட்டுமானத்தை நடத்தும் ‘மேக்’ கட்டளையை மறுபடி இயக்குங்கள். அப்போது முதலில் வரும் பிழைதான் நீங்கள் தேட வேண்டியது. பல ஆண்டுகளாகப் பலருடைய பதிவுக்கோப்புகளைப் படித்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்த வேலையில் வரும் கடினமான பிழைகளில் பெரும்பாலானவை நிரலின் குறையால் வருவதில்லை. ஒரு கம்பைலரால் கட்டியதையும் இன்னொன்றால் கட்டியதையும், அல்லது ஒரு கணினிக்கானதையும் இன்னொன்றுக்கானதையும், தெரியாமல் கலந்துவிடுவதால் வருகின்றன. கீழே உள்ள அறிகுறிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் தொடங்கிய உடனேயே நிற்கிறது

‘பில்ட்’ அல்லது ‘பூட்ஸ்ட்ராப்’ ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்ற செய்தி வந்தாலோ, ‘\ஆர்’ என்ற கட்டளை இல்லை என்று ஷெல் முறையிட்டாலோ, மூலநிரலை விண்டோஸில் நிறுவிய கிட் (மூலநிரலின் பதிப்புகளைக் கையாளும் கருவி) வழியாக எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அது வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டது. கிட்டின் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ அமைப்பை அணைத்துவிட்டு, மூலநிரலைப் புதிய அடைவில் முழுமையாக மறுபடி எடுப்பதே நல்லது. இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஏதோ ஒரு பேட்ச் கோப்பு விடுபட்டு, மூன்று மணி நேரம் கழித்து வேறு பெயரில் அதே பிழை திரும்ப வரும்.

‘பூட்ஸ்ட்ராப்’ ஓடும்போது ‘பாசிப்ளி அன்டிஃபைன்டு மேக்ரோ’ என்று வந்தால் லிப்டூல், ஜெட்டெக்ஸ்ட், பிகேஜி-கான்ஃபிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் மேக்ரோ கோப்பு கிடைக்கவில்லை. டெபியனில் ‘ஆட்டோபாயின்ட்’ தனித் தொகுப்பாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணினியில் உள்ள கருவிகள் பழையவை என்றால் ‘எக்ஸ்ட்ராஸ்’ அடைவில் உள்ள ‘டூல்ஸ்’ பகுதியே தேவையான பதிப்புகளைக் கட்டிக்கொள்ளும். அவை உருவாகும் ‘பின்’ அடைவு, கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான உங்கள் ‘பாத்’ மாறியில் முதலில் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் பழைய கருவியே அழைக்கப்படும்.

அறிகுறி: வெளி லைப்ரரி தரவிறங்கிய பின் சரிபார்ப்பில் தோற்கிறது

‘கான்ட்ரிப்’ ஒவ்வொரு மூலப்பொதியையும் எஸ்எச்ஏ-512 எண்ணைக் கொண்டு சரிபார்க்கிறது. எண் பொருந்தவில்லை என்றால் ‘டார்பால்ஸ்’ அடைவில் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். சில கிலோபைட் மட்டுமே இருந்தால், பொதிக்குப் பதிலாகத் தளத்தின் பிழைப் பக்கம் இறங்கியிருக்கிறது. கோப்பை நீக்கி மறுபடி இறக்குங்கள். பட்டியலில் உள்ள சரிபார்ப்பு எண்ணை மாற்றி வேலையை முன்னே தள்ளுவது, வந்தது எது என்று தெரியாத நிரலை உங்கள் பிளேயருக்குள் சேர்ப்பதற்குச் சமம். அதைச் செய்யவே கூடாது.

அறிகுறி: கான்ஃபிகர் (கணினியைச் சோதித்துக் கட்டுமானத்தை அமைக்கும் ஸ்கிரிப்ட்) குழம்புகிறது, விண்டோஸ் கோப்பை இங்கேயே ஓட்டிப் பார்க்கிறது

விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸ் துணை அமைப்பான டபிள்யூஎஸ்எல்லில் கட்டுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஆட்டோகான்ஃபுக்கு இலக்குக் கணினியை மட்டும் ‘ஹோஸ்ட்’ விருப்பத்தால் சொல்லி, கட்டும் கணினியை ‘பில்ட்’ விருப்பத்தால் சொல்லாமல் விட்டால், அது குறுக்குக் கம்பைல்தானா என்பதைத் தானே சோதித்து முடிவு செய்கிறது. ஒரு சிறு நிரலைக் கட்டி இயக்கிப் பார்க்கும்; ஓடாவிட்டால் குறுக்குக் கம்பைல் என்று கொள்ளும். டபிள்யூஎஸ்எல்லில் விண்டோஸ் கோப்புகளும் ஓடிவிடுவதால் அந்தச் சோதனை தவறான விடையைத் தருகிறது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் நிறுவப்பட்டு, விண்டோஸ் கோப்புகளை அதுவே தானாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டுள்ள லினக்ஸிலும் இதே நிலைதான். இதன் பிறகு வரும் பிழைகள் பார்வைக்கு ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும்: கட்டும் கணினியில் ஓட வேண்டிய துணைநிரல் விண்டோஸ் வடிவில் உருவாகும், சோதனைகள் நடுவில் உறைந்து நிற்கும்.

இரண்டு விருப்பங்களையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. அத்துடன், டபிள்யூஎஸ்எல் விண்டோஸின் ‘பாத்’ மாறியை லினக்ஸுக்குள் சேர்ப்பதையும் அதன் அமைப்புக் கோப்பில் அணைத்துவிடுங்கள். இடைவெளி உள்ள ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற அடைவுப் பெயர் உள்ளே வந்தால் சில ஸ்கிரிப்டுகள் உடைந்துபோகும். மூலநிரலையும் லினக்ஸின் சொந்தக் கோப்பு அமைப்பில் வையுங்கள். விண்டோஸின் சி இயக்ககத்தில் வைத்தால் வேகம் பல மடங்கு குறைவதோடு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் மறைந்து புதிய குழப்பங்கள் உண்டாகும்.

இலக்கின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32’ என்பது 64 பிட் விண்டோஸைத்தான் குறிக்கிறது. இறுதியில் வரும் 32 பழைய வழக்கின் எச்சம். அதைப் பார்த்துவிட்டு 32 பிட் என்று எண்ணி மாற்றினால் இரண்டு வகைக் கோப்புகளும் கலந்துவிடும்.

அறிகுறி: ‘மியூடெக்ஸ்’ என்ற பெயர் ‘எஸ்டிடி’யில் இல்லை என்று சி++ கம்பைலர் சொல்கிறது

டெபியன், உபுண்டு இரண்டிலும் மிங்டபிள்யூவின் கம்பைலரான ஜிசிசி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: ஒன்று ‘பாசிக்ஸ்’ திரெட் முறை, மற்றொன்று ‘வின்32’ திரெட் முறை. ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகளில் ‘வின்32’ வடிவத்தில் ‘எஸ்டிடி’ எனப்படும் சி++ நூலகத்தின் திரெட் (இணையாக ஓடும் இழை), மியூடெக்ஸ் (இழைகளை ஒழுங்குபடுத்தும் பூட்டு) வகைகள் கிடைக்காது. ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ கட்டளையால் ‘பாசிக்ஸ்’ வடிவத்துக்கு மாற்றலாம். சி கம்பைலருக்கும் சி++ கம்பைலருக்கும் தனித்தனியே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பவர்கள் நிறைய. மாற்றிய பிறகு, அதற்கு முன் கட்டி முடித்த லைப்ரரிகளை அப்படியே வைத்துக்கொண்டு தொடராதீர்கள்.

அறிகுறி: லிங்கர் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று பட்டியலிடுகிறது

கம்பைல் ஆன துண்டுகளை ஒரே கோப்பாக இணைப்பது லிங்கர்; தேவையான ஒரு பெயர் கிடைக்காதபோது அது இப்படிச் சொல்கிறது. இதற்குத்தான் அதிகப் பொறுமை தேவை. பட்டியலின் நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம்; அதில் உள்ள பெயர்களைக் கூர்ந்து படியுங்கள். எந்த வகைப் பெயர் காணவில்லை என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

‘டபிள்யூஎஸ்ஏ’ என்று தொடங்கும் பெயர்கள் என்றால் விண்டோஸின் ‘டபிள்யூஎஸ்2_32’ என்ற பிணைய லைப்ரரி இணைக்கப்படவில்லை. ‘பிகிரிப்ட்’ என்று தொடங்கினால் அதே பெயருள்ள லைப்ரரி. எஃப்எஃப்எம்பெக்குக்கோ வேறொரு லைப்ரரிக்கோ தேவைப்படும் பெயர் என்றால், லைப்ரரிகளின் இருப்பிடத்தையும் தேவைகளையும் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் ‘ஸ்டேட்டிக்’ விருப்பத்துடன் அழைக்கப்படுகிறதா என்று பாருங்கள். நிலையாக இணைக்கும்போது ஒரு லைப்ரரி தன் உள்தேவைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றின் வரிசையும் முக்கியம்: ஜிஎன்யூ லிங்கர் இடமிருந்து வலமாகப் படிப்பதால், ஒரு பெயரைக் கேட்கும் லைப்ரரிக்குப் பின்னால்தான் அதைத் தரும் லைப்ரரி வர வேண்டும்.

சி மொழியின் சாதாரணச் செயல்களுக்கு முன்னால் ‘இம்ப்’ என்ற ஒட்டுடன் பெயர்கள் வந்தால், அதாவது அச்சிடுதல், நேரம் கணித்தல் போன்ற அடிப்படைச் செயல்களே கிடைக்கவில்லை என்றால், இரண்டு வெவ்வேறு சி ரன்டைம்கள் (சி நிரல் ஓடும்போது தேவைப்படும் அடிப்படை லைப்ரரிகள்) கலந்திருக்கின்றன. பழைய ‘எம்எஸ்விசிஆர்டி’ ஒன்று. புதிய ‘யூசிஆர்டி’ மற்றொன்று. மிங்டபிள்யூ-டபிள்யூ64 தன் 12ஆம் பதிப்பில், 2024ஆம் ஆண்டில், இயல்புநிலையை யூசிஆர்டிக்கு மாற்றியது. ஆகவே கணினியை மேம்படுத்திய மறுநாள், எதையுமே மாற்றாத உங்கள் நிரல் திடீரென்று இணைய மறுக்கலாம். முன்பே கட்டப்பட்ட லைப்ரரித் தொகுதியை இறக்கிப் பயன்படுத்துபவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. அந்தத் தொகுதி எந்தக் கிளைக்காக, எந்தக் கம்பைலரால், எந்த ரன்டைமுக்காகக் கட்டப்பட்டதோ அதே சூழலில்தான் அது பொருந்தும். நேரம் மிச்சமாகும் என்று நானும் ஒருமுறை அதைப் பயன்படுத்தி, இரண்டு மாலைப்பொழுதுகளை இழந்தேன். எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டியபோது ஒரே இரவில் முடிந்தது.

சி++ பெயர்கள் காணவில்லை என்றால் அவற்றின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘__1’ என்றும் மறுபக்கம் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்றும் இருந்தால், எல்எல்விஎம் என்ற மற்றொரு கம்பைலர் தொகுப்பின் சி++ நூலகத்தையும் ஜிசிசியின் சி++ நூலகத்தையும் கலந்திருக்கிறீர்கள். ‘ஜிஎக்ஸ்எக்ஸ் பெர்சனாலிட்டி’ என்ற பெயர் ‘எஸ்ஜே0’ அல்லது ‘எஸ்இஎச்0’ என்ற முடிவுடன் காணாமல் போனால், விதிவிலக்குகளைக் கையாளும் முறை இரண்டு கம்பைலர்களிலும் வேறுபடுகிறது. இவற்றுக்கு ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் வழி கிடையாது. ‘கான்ட்ரிப்’ அடைவுக்குள் இலக்கின் பெயரில் உருவாகியிருக்கும் அடைவையும், கட்டுமானம் நடந்த அடைவையும் முழுதாக நீக்கிவிட்டு, ஒரே கம்பைலரால் மறுபடி கட்டுங்கள். ‘டார்பால்ஸ்’ அடைவை விட்டுவைக்கலாம். மூலப்பொதிகளை மறுபடி இறக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு லைப்ரரியை மட்டும் திரும்பக் கட்ட விரும்பினால் வேறு வழி உண்டு. ‘கான்ட்ரிப்’ ஒவ்வொரு லைப்ரரியையும் முடித்ததற்கு அடையாளமாக, புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்பை அதன் பெயரிலேயே விட்டுச்செல்கிறது. அந்தக் கோப்பையும் பிரித்தெடுத்த மூல அடைவையும் நீக்கினால் அது மட்டும் மறுபடி கட்டப்படும். அடையாளக் கோப்பு இருக்கும்வரை, உள்ளே என்ன மாற்றினாலும் ‘மேக்’ திரும்பிப் பார்க்காது.

கருவிகளைச் சேர்ப்பதிலேயே திணறுபவர்களுக்கு என் பரிந்துரை, விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் தன் தானியங்கிக் கட்டுமானத்துக்காகப் பயன்படுத்தி, பொதுவிலும் வழங்கும் டாக்கர் பிம்பங்களை (கருவிகள் முன்பே நிறுவப்பட்ட தயார்ச் சூழல்களை) எடுத்துக்கொள்வதே. கம்பைலர், ரன்டைம், கருவிகள் அனைத்தும் அங்கே ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும்.

அறிகுறி: கம்பைலர் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லுடன் மடிகிறது

நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸ் கெர்னல் அந்தச் செயலை நிறுத்திவிட்டது. இணை வேலைகளைக் குறையுங்கள். மெய்நிகர்க் கணினி என்றால் நினைவகத்தைக் கூட்டுங்கள். இதை ஒத்துத் தோன்றும் மற்றொன்று ‘டூ மெனி செக்ஷன்ஸ்’ என்ற அசெம்ப்ளர் பிழை. விண்டோஸின் வழக்கமான ஆப்ஜெக்ட் கோப்பில் பிரிவுகள் 16 பிட் எண்ணால் குறிக்கப்படுவதால், டெம்ப்ளேட்டுகள் நிறைந்த சி++ கோப்புகளை மேம்படுத்தல் இல்லாமல் கட்டும்போது அந்த வரம்பு போதாமல் போகிறது. அசெம்ப்ளருக்கு ‘பிக்-ஆப்ஜ்’ விருப்பத்தைக் கொடுத்தால் தீரும்.

அறிகுறி: புரோட்டாக் உருவாக்கிய கோப்பு பொருந்தவில்லை, அல்லது லூவா ஸ்கிரிப்டுகள் ஏற்கப்படவில்லை

குரோம்காஸ்ட் செருகுநிரல், தரவைப் பரிமாறும் வடிவமான புரோட்டோகால் பஃபர்களைப் பயன்படுத்துகிறது; அதற்கான நிரலை உருவாக்கித் தரும் கருவி புரோட்டாக். கட்டும் கணினியின் புரோட்டாக் பதிப்பும், ‘கான்ட்ரிப்’ கட்டிய புரோட்டோபஃப் லைப்ரரியின் பதிப்பும் வேறுபட்டால் தலைப்புக் கோப்பே வேலையை நிறுத்திவிடும். கணினியின் புரோட்டாக்கை நம்பாமல் ‘டூல்ஸ்’ பகுதி தரும் பதிப்பைப் பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்ட் மொழியான லூவாவிலும் இதே கதைதான்: ஸ்கிரிப்டுகளை முன்கூட்டியே பைட்கோடாக மாற்றும் கருவியின் பதிப்பும், அது கருதும் எண்களின் அளவும், பிளேயருக்குள் இருக்கும் லூவாவோடு ஒத்திருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் முடிந்தது, ஆனால் விண்டோஸில் திறக்க மறுக்கிறது

‘0எக்ஸ்சி000007பி’ என்ற எண் வந்தால் 64 பிட் நிரல் ஒன்று 32 பிட் டிஎல்எல்லை (விண்டோஸின் பகிர்வு லைப்ரரிக் கோப்பை) எடுத்துக்கொண்டது, அல்லது அதன் மறுதலை. ஒரு டிஎல்எல் இல்லை என்று பெயருடன் சொன்னால், பெரும்பாலும் அது கம்பைலரோடு வரும் ‘லிப்ஜிசிசி’, ‘லிப்எஸ்டிடிசி++-6’, ‘லிப்வின்பிதிரெட்-1’ ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். கட்டப் பயன்படுத்திய அதே கம்பைலரின் அடைவிலிருந்து அதை நகலெடுத்து, விஎல்சியின் செயற்கோப்பு இருக்கும் அடைவில் வையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் டிஎல்எல்லை எடுத்து வைக்க வேண்டாம்; ‘என்ட்ரி பாயின்ட்’ கிடைக்கவில்லை என்ற அடுத்த பிழைக்கு அதுவே வழிவகுக்கும். கணினியில் வேறொரு நிரல் ‘பாத்’ வழியாகத் தன் பழைய டிஎல்எல்லை முன்வைப்பதாலும் அந்தச் செய்தி வருவதுண்டு.

எந்தக் கோப்புக்கு எந்த டிஎல்எல்கள் தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இலக்குக்கான ‘ஆப்ஜ்டம்ப்’ கருவியைச் சிறிய ‘பி’ விருப்பத்துடன் இயக்கினால் முழுப் பட்டியலையும் தந்துவிடும்.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் முகப்பு இல்லை, அல்லது படம் ஓடவில்லை

விஎல்சியின் உட்கரு மிகச் சிறியது. கோப்பைத் திறப்பது, பிரிப்பது, டீகோட் செய்வது, திரையில் காட்டுவது அனைத்தும் நூற்றுக்கணக்கான செருகுநிரல்களின் வேலை. அதனால் கட்டுமானம் வெற்றிகரமாக முடிந்ததாகத் தோன்றினாலும் முக்கியமான ஒரு செருகுநிரல் உருவாகாமலே போயிருக்கலாம்.

கட்டும் அடைவில் கிடக்கும் செயற்கோப்பை அப்படியே இயக்கிப் பார்த்தீர்கள் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். விண்டோஸில் விஎல்சி தனக்கு அருகிலுள்ள ‘பிளகின்ஸ்’ அடைவில்தான் தேடும். கட்டும் அடைவிலோ செருகுநிரல்கள் சிதறிக் கிடக்கும். பொதியும் படியை இயக்கி, அது திரட்டித் தரும் அடைவிலிருந்து தொடங்குங்கள்.

அதன் பிறகும் சிக்கல் இருந்தால் விரிவான பதிவுடன் இயக்குங்கள். ஒரு செருகுநிரலை ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் சொன்னால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது இது என்ன என்று திகைக்க வேண்டாம். காணாமல் போனது அந்தச் செருகுநிரலன்று, அதற்குத் தேவையான வேறொரு டிஎல்எல். செருகுநிரலின் நுழைவுப் பெயர் இல்லை என்ற செய்தி வந்தால், வேறு பதிப்பிலிருந்து எடுத்த செருகுநிரல் கலந்திருக்கிறது. விஎல்சி அந்தப் பெயரிலேயே பதிப்பைப் பொதித்துவைக்கிறது.

எச்.264 போன்ற பரவலான வடிவமே ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால் ‘ஏவிகோடெக்’ செருகுநிரல் உருவாகவில்லை. அதாவது எஃப்எஃப்எம்பெக் கட்டப்படவில்லை, அல்லது விஎல்சியின் கான்ஃபிகர் அதைக் கண்டுகொள்ளவில்லை. முகப்பே இல்லை என்றால் க்யூடியைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் அந்த லைப்ரரியின் பெயரைத் தேடினால் காரணம் எழுதப்பட்டிருக்கும். பிகேஜி-கான்ஃபிக் ‘கான்ட்ரிப்’ அடைவைப் பார்க்காமல் கட்டும் கணினியின் லினக்ஸ் லைப்ரரிகளைப் பார்த்திருக்கிறதா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக்கின் சொந்தப் பதிவு அதன் ‘எஃப்எஃப்பில்ட்’ அடைவில் தனியாக இருக்கிறது. அசெம்ப்ளரான நாஸ்ம் இல்லை என்று அது நின்றிருந்தால் நாஸ்மை நிறுவுங்கள். அசெம்ப்ளியை அணைக்கும் விருப்பத்தை அதுவே எடுத்துச் சொன்னாலும் ஏற்காதீர்கள், டீகோடிங் வேகம் பெரிதும் குறைந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திறக்கிறது, அல்லது செருகுநிரல் தற்காலிகச் சேமிப்பு பழையது என்று பதிவில் எச்சரிக்கை வருகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிறுவி வழியாக நிறுவும்போது ‘விஎல்சி-கேச்-ஜென்’ என்ற சிறு நிரல் ஓடி அந்தச் சேமிப்பை உருவாக்குகிறது. ஜிப் கோப்பை விரித்தவர்களுக்கு அது நடப்பதில்லை. ‘பிளகின்ஸ்’ அடைவின் பாதையைக் கொடுத்து அந்த நிரலை ஒருமுறை நீங்களே இயக்கினால் போதும். பிறகு ஏதேனும் ஒரு செருகுநிரலை மட்டும் மறுபடி கட்டி நகலெடுத்து வைத்தால், அதே நிரலை இன்னொரு முறை இயக்குங்கள்.